மூன்று கேட் தாண்டி வந்த மைதீன் பாய்

போன வெள்ளிக்கிழமை மதியம், பம்பாய் செம்பூரில் என் வீட்டு ரவுட்டரை ஒன்பதாவது தடவையாக அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். மிக்ஸியோ, கெய்சரோ, வாஷிங் மெஷினோ – எது மக்கர் செய்தாலும் முதலில் நானே கழற்றுவேன். மெக்கானிக் அதற்குப் பிறகுதான். அவர் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: "இத யார் சார் கழட்டினது?"

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் பெரிசு. என் வீட்டோடு முடிகிற சமாச்சாரம் இல்லை.

தாராவியில் செல்வி டீச்சர் என்று ஒருவர். பள்ளிக்கூட வேலை முடிந்த பிறகு அந்தப் பகுதிப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லித்தர வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைகிறார். காலி செய்துகொண்டு போன ஓர் ஆபீஸ், பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்துவிட்டது. டீச்சர் வசிக்கிற சந்தின் குடியிருப்போர் சங்கம் மாடியில் ஓர் அறையும் தருகிறது. ஆனால் செக்ரட்டரி ஒரு கண்டிஷன் போட்டார்.

"டீச்சர், ஸண்டே காலைல பன்னெண்டு மெஷினும் ஓடணும். கமிட்டி வந்து பாக்கும். ஓடலேன்னா ஜிம் பசங்க ரெடியா நிக்கிறாங்க, சாவிய அவங்க கைல குடுத்துருவேன்."

கம்ப்யூட்டர்கள் வந்தன. உள்ளே ஒன்றும் இல்லை, சுத்தமாகத் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். இப்படிப்பட்ட பழைய மெஷின்களுக்கென்றே தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு இலவசத் தொகுப்பு செய்து வைத்திருக்கிறார்கள். இயங்குதளம், பாடங்கள், கலைக்களஞ்சியம், தமிழ், இந்தி டைப்பிங் என்று எல்லாம் அதில் உண்டு. அளவு எழுபது ஜி.பி. அதை ஒரே இடத்தில் வைத்துக் கொடுக்க அவர்களுக்கு வசதி இல்லை. அதனால் டோரன்ட். ஏற்கெனவே இறக்கியவர்கள், இறக்குகிறவர்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். (டோரன்ட் என்றதும் திருட்டு சினிமா ஞாபகம் வந்து கண்ணடிக்காதீர்கள். கத்தி காய் நறுக்கவும்தான் இருக்கிறது.)

தாராவியில் டீச்சர் வீட்டு லைனில் இது ஆகிற காரியமா? செவ்வாய்க்கிழமை போனில் புலம்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன டீச்சர் இதுக்குப் போய்... என் வீட்ல இருநூறு எம்பிபிஎஸ் ஃபைபர். ஒரு மணி நேர வேலை!"

அன்று இரவே ஆரம்பித்தேன். திரையில் வேகம்: விநாடிக்கு முப்பத்தெட்டு கே.பி. மீதி நேரம்: மூன்று வாரம்.

மூன்று வாரம்! ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

நான் விடுவேனா? கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். யூட்யூபில் ஏழு வீடியோ பார்த்தேன். 'போர்ட்டைத் திறக்க வேண்டும்' என்றது ஒன்று. அதாவது, வெளியிலிருந்து ஃபைல் துண்டு கொண்டுவருபவனுக்கு ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து விடுவது. திறந்தேன். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று ஆயிற்று... பிறகு முப்பத்தாறுக்கு இறங்கிற்று.

"இருநூறு இருநூறுன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு வந்தேளே... அது எங்க போச்சு?" என்றாள் என் மனைவி.

வியாழக்கிழமை டீச்சர் கூப்பிட்டார். ஆச்சா என்று கேட்கவே கூச்சப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் சற்றுத் தயங்கி, "சார், நான் மைதீன் பாயை அனுப்பட்டுமா? நாளைக்கு அவருக்கு லீவுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைதீன் பாயா? பை தைக்கிற மைதீன் பாயா?

அவரை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். கடையநல்லூர்க்காரர். குடும்பம் ஆண்டாப் ஹில்லில், லெதர் பை தைக்கிற ஒர்க்‌ஷாப் தாராவியில். ஆறு தையல் மெஷின், எந்நேரமும் பசை வாசனை. என் ஆபீஸ் பை அவர் தைத்தது. என் மனைவியின் ஹேண்ட்பேக் அவர் தைத்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து சாயா குடித்திருக்கிறேன். நூறு சாயாவுக்குக் குறையாது. ஆனால் ரவுட்டருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் கேமரா. ஒரு சமயம் ஒர்க்‌ஷாப்பில் லெதர் ரோல் இரண்டு தடவை காணாமல் போயிற்று. கேமரா வைத்தார். அதில் தெரிவதை ஆண்டாப் ஹில் வீட்டிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்றால் ரவுட்டரில் வாசல் திறக்க வேண்டும். செய்து தர வந்தவன் பத்து நாள் இழுத்தடித்தான். பாய் தானே படித்துவிட்டார். தையல் மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம். இப்போது அந்தச் சந்தில் எந்தக் கடைக் கேமரா மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். இது எதுவும் எனக்குத் தெரியாது. நூறு சாயாவிலும் நான் கேட்டதில்லை.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று மணி ஆயிற்று, ஆளைக் காணோம். நான் ரவுட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி பால்கனியிலிருந்து கூப்பிட்டாள்.

"கேட்ல யாரோ நிக்கறார். உங்க மைதீன் பாய் மாதிரி இருக்கு."

கீழே ஓடினேன். எங்கள் சொசைட்டியில் (அடுக்குமாடிக் குடியிருப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்) யார் வந்தாலும் வாட்ச்மேன் ஆப்பில் பெயரைப் போடுவார். நாம் போனில் ஓகே கொடுத்தால்தான் கேட் திறக்கும். நானோ ரவுட்டரை அணைத்து வைத்திருந்தேன். வீட்டில் வைஃபை இருக்கும்போது மொபைல் டேட்டா எதற்கு என்று அதையும் அணைத்து வைப்பது என் சிக்கன புத்தி. போன் வேறு சைலன்ட். பாய் நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார். நல்ல வெயில். இருபது நிமிடம் நின்றிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பரவால்ல சார். ஓகே வரல, உட மாட்டேன்னுட்டான். அது அவன் டூட்டில்லா?"

மேலே வந்தோம். தண்ணீர் குடித்தார். நாற்காலியில் மாட்டியிருந்த என் மனைவியின் ஹேண்ட்பேக்கைப் பார்த்ததும் கை தானாக அதன் ஸிப்பை இழுத்துப் பார்த்தது. "ஸிப்பு தேஞ்சு போச்சு. மாத்தித் தாரேன்" என்றார். பிறகு ரவுட்டருக்குத் திரும்பினார்.

"எத்தன பொட்டி வச்சிருக்கிய?"

"ரெண்டு பாய். ஹால்ல கம்பெனி குடுத்தது. பெட்ரூம்ல சிக்னல் வரல, அதனால நானே ஒண்ணு வாங்கி மாட்டினேன்."

"போர்ட்ட எதுல தொறந்திய?"

"பெட்ரூம்ல... கம்ப்யூட்டர் அங்கதானே இருக்கு?"

பாய் என் பக்கம் திரும்பினார்.

"சார், இப்ப நான் வந்தேம்லா... எத்தன எடத்துல நின்னேன் சொல்லுங்க. மொதல்ல மெயின் கேட். அங்கன விட்டா, உங்க கட்டடத்து விங் வாட்ச்மேன். அதுக்கு மேல உங்க வீட்டுக் கதவு. மூணு எடத்துலயும் மைதீன் வந்தா உடுன்னு சொல்லி வச்சிருந்தா நேரா வந்திருப்பேன். நீங்க வீட்டுக் கதவ மட்டும் தொறந்து வச்சிக்கிட்டு, ஆள் ஏன் வரலன்னு உக்காந்திருக்கிய!"

ஏழு வீடியோவில் எனக்குப் புரியாதது இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

பெட்ரூம் பெட்டியின் காவல் வேலையை முதலில் பிடுங்கினார். இனி அது சிக்னலை மட்டும் பரப்பும், யாரையும் தடுக்காது. ஒரு கேட் குறைந்தது. என் கம்ப்யூட்டரை வைஃபையிலிருந்து கழற்றி ஒயரில் மாட்டினார், அதற்கு விலாசம் மாதிரி மாறாத ஒரு நம்பரும் (ஐ.பி.) கொடுத்தார். வாசலை ஹால் பெட்டியில் திறந்தார். ஒரே ஒரு வாசல். அதற்கு முன்னால் அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டைக் கேட்டார். 'அட்மின்' என்றேன், பெட்டியோடு வந்தது. சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பாய் சிரிக்கவில்லை, மாற்ற வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார்.

மூன்றாவது கேட்? ஹால் பெட்டியில் தெரிந்த நம்பரையும், வெளியுலகத்துக்குத் தெரிகிற நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேறு வேறாக இருந்தன. "உங்க கம்பெனிக்காரன் நூறு வீட்ட ஒரே கேட்டுக்குப் பின்னால வச்சிருக்கான்" என்றார். என் போனை வாங்கி கஸ்டமர் கேரைக் கூப்பிட்டார். நான் மூன்று நாள் ஆங்கிலத்தில் பேசி நடக்காதது, பம்பாய் இந்தியில் ஒரே நிமிடத்தில் நடந்தது.

"பாய், பப்ளிக் ஐ.பி. சாஹியே. ஹா... அபிச் சாஹியே." (நூறு வீட்டுக்குப் பொதுவாக இல்லாமல் எனக்கென்று தனி நம்பர் வேண்டும், இப்போதே வேண்டும் என்கிறார்.)

அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தெட்டு, முந்நூறு ஆயிற்று. நான் கைதட்டினேன். பாய் தட்டவில்லை. டவுன்லோட் செட்டிங்கைத் திறந்து ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு வச்சது? மேல போறதுக்கு ஒரே ஒரு கே.பி.?"

நான்தான் வைத்தேன். மேலே என்றால் அப்லோட், என்னிடமிருந்து மற்றவர்களுக்குப் போவது. என் லைனை யார் யாரோ எதற்கு உறிஞ்ச வேண்டும் என்று முதல் நாளே பூட்டியிருந்தேன்.

"சார், இதுல குடுக்கிறவனுக்குத்தான் குடுப்பாவ. மூணு நாள்ல உங்க கையில எட்டு ஜி.பி. சேந்திருக்கு. கேக்கிறவனுக்கு அதுல ஒரு துண்டு குடுக்க மாட்டேங்கிய. வாங்க மட்டும் செய்திய. அப்ப அவன் உங்கள வரிசையில கடைசியாத்தான வைப்பான்?"

அவர் டோரன்டைப் பற்றித்தான் சொன்னார். சத்தியமாக வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. பதினோரு வருடம், நூறு சாயா. அவர் தைத்த பைகள் பதினோரு வருடமாக இந்த வீட்டுக்குள் இருக்கின்றன. அவர் இன்றைக்குத்தான் உள்ளே வருகிறார். அதுவும் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்ததால். வெட்கமாக இருந்தது.

மேலே போகிற லைனில் முக்கால்வாசியைத் திறந்துவிட்டார். "முழுசும் உட்டா நமக்கே மூச்சு முட்டும்" என்றார்.

முந்நூறு கே.பி... இரண்டு எம்.பி... ஆறு எம்.பி.! அதன் பிறகு இறங்கவே இல்லை. நாங்கள் காபி குடித்தோம். என் மனைவி அடை வார்த்தாள். பாய் தன் மகளின் காலேஜ் அட்மிஷன் பற்றிச் சொன்னார். நான் முதல் தடவையாக அவரிடம் கேள்விகள் கேட்டேன். ஒரு மனிதர் பகல் முழுக்க லெதர் வெட்டிக்கொண்டே இவ்வளவையும் தானாகப் படித்து, காசு வாங்காமல் சந்து முழுக்கச் செய்தும் கொடுக்கிறார். எனக்குத் தெரிந்த எஞ்சினியர்கள் இப்போதே ஞாபகத்துக்கு வந்து தொலைக்க வேண்டுமா?

எட்டு மணிக்கு எழுபது ஜி.பி.யும் இறங்கிவிட்டது. ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தேன். டோரன்டை மூடப் போனேன், பாய் என் கையைப் பிடித்தார்.

"ஓடட்டும் சார். உங்கள மாதிரி யாராவது எங்கனயாவது முப்பத்தெட்டுல உக்காந்திருப்பாவ."

சனிக்கிழமை முழுக்க அவரும் டீச்சரும் பன்னிரண்டு மெஷினிலும் ஏற்றினார்கள். ஞாயிறு காலை நானும் போனேன். கமிட்டி வந்தது. செக்ரட்டரி முதல் வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம், "என் பேரை அடி பாக்கலாம்" என்றார். அவள் இந்தியிலும் அடித்தாள், தமிழிலும் அடித்தாள். மனிதர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் அழுதுவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்... தூசி ஜாஸ்தி அங்கே.

வீடு திரும்பியதும் எங்கள் சொசைட்டி ஆப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமைப் பதிவு இருந்தது. பெயர்: மைதீன். வகை: சர்வீஸ்.

உள்ளே போய், யாரையும் கேட்காமல் எப்போதும் விடவேண்டியவர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தேன். வகை என்ன என்று கேட்டது. 'குடும்பம்' என்று போட்டேன். விங் வாட்ச்மேனிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கதவை மட்டும் திறந்து வைத்தால் போதாது என்று படித்தவன் அல்லவா இப்போது!

ரவுட்டரில் மூன்று கேட்டைத் திறக்க பாய்க்கு ஒரு மதியம் போதுமாயிருந்தது. இந்த ஒரு கேட்டைத் திறக்க எனக்குப் பதினோரு வருடம்.