சுவிட்ச் சார் அணைத்த திரை

அவருக்குச் சுவிட்ச் சார் என்று பெயர் வைத்தவர்கள் பள்ளி மாணவர்கள். வீட்டில் அதை வழிமொழிந்தவர் மனைவி. கணக்கு வாத்தியாரான அவர் ஓர் அறையை விட்டு வெளியே வந்தால், உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, விளக்கும் மின்விசிறியும் அணைந்துவிடும். குளித்துக்கொண்டிருந்த மனைவியை இருட்டில் விட்டுவிட்டு நடையைக் கட்டிய நாட்கள் எத்தனையோ.

பதினோரு வருடமாகப் பள்ளிக்கு வகுப்பு அட்டவணை போடுபவரும் அவர்தான். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு விழக்கூடாது. இந்த வருடம் தலைவலி கூடுதல். புவியியல் டீச்சருக்குச் செவ்வாய், வியாழன் மதியங்களில் மருத்துவமனையில் சிகிச்சை. அந்த நேரத்தில் வகுப்பு விழுந்தால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லியிருந்தார். சார் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒருவழியாக இரண்டு மதியங்களையும் காலியாக்கிவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அட்டவணை கைக்கு வராவிட்டால் போன வருடத்தினதையே ஓட்டிவிடுவோம் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். அதிலோ புவியியல் டீச்சருக்கு அந்த இரண்டு மதியமும் வகுப்பு உண்டு. புதிய அட்டவணை இருந்ததோ சாரின் பழைய மடிக்கணினியில் மட்டும். ஒரு பிரதி எடுத்து வைத்தால் என்ன குறைந்துபோகும்? ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அது தோன்றவில்லை.

ஞாயிறு காலை பொத்தானை அழுத்தினார். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரை மட்டும் கன்னங்கரேல். அணைத்துப் போட்டார்; அதே கறுப்பு. வெளிச்சம் கூட்டும் பட்டன்கள் பழுதாகி ஒரு வருடமாகிறது. அவற்றையும் நம்பிக்கையில்லாமல் குத்திப் பார்த்தார்.

"போச்சு, எல்லாம் போச்சு! உன் தம்பி பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மனைவியின் தம்பி அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். "வேகமா ஓடும் மாமா" என்று நேற்றுதான் அந்தக் கணினியில் லினக்ஸ் என்ற புது சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். மனைவி அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, டார்ச்ச ஸ்கிரீன் மேல சாய்ச்சு அடிங்க. ஏதாவது தெரியுதா?"

மனைவி டார்ச் அடித்தார். சார் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். மங்கலாக, கடவுச்சொல் கேட்கும் கட்டம்!

"தெரியுதுடா! கட்டம் தெரியுது!"

"அப்ப கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. வெளிச்சம்தான் இல்ல. நேத்து அணைக்கிறதுக்கு முன்னாடி பிரைட்னஸ குறைச்சீங்களா?"

சார் வாயைத் திறப்பதற்குள் மனைவி திறந்தார்: "குறைக்காம இருப்பாரா? அணைக்கப்போற கம்ப்யூட்டர்லயே வெளிச்சத்த மிச்சம் பிடிக்கிற மனுஷன்!"

அதேதான். வேலை முடிந்ததும் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு அணைப்பது அவருடைய பல வருடப் பழக்கம். பழைய சிஸ்டம் அதைக் கண்டுகொள்ளாமல் மறுநாள் பளிச்சென்று விழிக்கும். புதியதோ கடைசியாக வைத்த அளவை மறக்காமல், அதே இருட்டோடு எழுந்திருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் கடவுச்சொல்லைத் தட்டி, மவுஸால் தடவித் தடவி வெளிச்சம் கூட்டும் கோட்டைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். திரை பளீரென்று விழித்தது. அட்டவணை ஒரு கட்டம்கூடக் கலையாமல் இருந்தது. சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கணினி எழும்போதெல்லாம் பாதி வெளிச்சத்தைத் தானாக வைக்கும்படி ஒரு கட்டளையை மைத்துனன் எழுத்தெழுத்தாகச் சொல்ல, சார் தட்டி முடித்தார்.

"குறைக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதாடா?" என்றார் மனைவி.

"அவர மாத்துறதவிட கம்ப்யூட்டர மாத்துறது சுலபம்க்கா."

சோதித்துப் பார்க்காமல் விடுவாரா? வேண்டுமென்றே இருட்டாக்கி, அணைத்துப் போட்டார். கறுப்பு. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது.

அட்டவணையைத் தலைமையாசிரியைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, மைத்துனனுக்கும் ஒரு பிரதி தள்ளிவிட்டு, புவியியல் டீச்சருக்குப் போன் செய்தார்.

"செவ்வாய், வியாழன் ரெண்டு மதியமும் உங்களுக்கு வகுப்பு இல்லம்மா. அனுப்பியாச்சு."

மறுமுனையில் பையின் ஜிப் திறக்கும் சத்தம்.

"ராஜினாமா லெட்டர் எழுதி பையில வச்சிருக்கேன் சார். கிழிச்சிடவா?"

"இப்பவே கிழிங்க. சத்தம் எனக்குக் கேக்கணும்."

கேட்டது.