கண்ணாடிக்காரரின் வாசக வட்டம்

“நிறுத்தாதீங்க சார், அடுத்த பத்தியும் தெரியுதான்னு பாத்துடுவோம்.”

வந்தவர் கேட்டது படிப்பதற்கு ஒரு கண்ணாடி. ஆனால் தேனீ வளர்ப்புப் புத்தகத்தில் இரண்டு பக்கம் சத்தமாகப் படித்து முடிக்கும்வரை கண்ணாடிக்காரர் அவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடமாட்டார். மற்ற கடைகளில் எழுத்து அட்டையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள், பாவம். இங்கே நூலகமே உண்டு.

எல்லாம் பழைய பேப்பர் கடையில் மூட்டையாக அள்ளிவந்த சரக்கு. கவிதைத் தொகுப்பு, நிலநடுக்கம், சிறுநீரகக் கல், மறுபடி கவிதை, மூழ்கிய கப்பல்களின் வரலாறு. கையில் எது சிக்குகிறதோ அதுதான் அன்றைய கண்டுபிடிப்பு. நாவலுக்கு மட்டும் அனுமதி இல்லை. “கதைன்னா நடுவுல விட்டுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் மண்டை காயும்” என்பார்.

இலக்கியத்தின் மேல் இவ்வளவு பாசமா என்று யாரும் உருகிவிட வேண்டாம். ஐயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அச்செழுத்தெல்லாம் ஒரே மங்கல். பவர் பார்ப்பது, லென்ஸ் பொருத்துவது எல்லாம் இப்போது மனைவிதான். இவர் வாசக வட்டத் தலைவர். “புரையா? அரைமணி நேர வேலை, வலியே தெரியாது” என்று ஊரையே ஆபரேஷனுக்கு அனுப்பிவைத்த தைரியசாலி, தன் முறை வந்ததும் டாக்டருக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒருமுறை ஜலதோஷம். ஒருமுறை மழை. இனியும் தள்ளிப்போட்டால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

நேற்று ஒரு டீச்சரம்மா கையில் கவிதை மாட்டியது. பேருந்து நிறுத்தத்தில் தினமும் ஒருத்தி யாருக்கோ காத்திருக்கிறாள். ஒருநாள் பேருந்து வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது...

“சூப்பரா தெரியுது!” டீச்சர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

“மேடம்! இறங்கினது யாரு மேடம்?”

தெருவில் ஆளே இல்லை. கண்ணாடிக்காரர் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பூதக்கண்ணாடி வைத்தார். ம்ஹூம். வேறு வழியில்லாமல் மனைவியிடம் நீட்டினார். அவர் கடைசி வரிகளை மனசுக்குள் படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், புத்தகத்தை மூடிவிட்டார்.

“யாரு இறங்கினது? சொல்லேம்மா!”

“ஆபரேஷன் முடிச்சுட்டு வந்து நீங்களே படிச்சுக்கோங்க.”

“அநியாயம் பண்றே!”

“உங்களுக்குப் பார்வை போயிட்டா என்ன பண்ணுவேன்னு நான் பொட்டுத் தூக்கமில்லாம கிடக்கிறேனே, அது மட்டும் நியாயமா?” அவர் குரல் உடைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே நுழைந்தார். அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் போதும், இறங்கியது யார் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

“கடை லீவு சார், கண் ஆபரேஷனுக்குப் போறேன்” என்று கண்ணாடிக்காரர் அவரை அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியை மனைவியின் கையில் வைத்தார்.