இந்தியில் கேட்காத காது

2003 குளிர்காலத்தில், காய்ச்சலுக்குப் பின் என் மனைவி விசாலத்துக்கு இரண்டு காதும் கேட்காமல் போயின. மறு ஆண்டு உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். கேட்கப் பழகுவதற்குப் பயிற்சித் தாள்களும் தந்தார்கள். டெல்லி அல்லவா, எல்லாம் இந்தி. சரோஜினி நகரிலேயே வளர்ந்த எங்கள் மகள் உமா, உதட்டசைவைப் பார்த்து அவள் புரிந்துகொள்ளாதபடி, தினமும் வாயை மறைத்துக்கொண்டு அவற்றை வாசிப்பாள்.

"காய்கறிக்காரன்கிட்ட பேசுத இந்திதான் எனக்குத் தெரியும். இது தகரத்தை உருட்டுத மாதிரில்லா இருக்கு" என்பாள் விசாலம்.

தாளில் உள்ளதைத்தான் வாசிக்க வேண்டும் என்று நினைத்த நாங்கள், கருவி பலிக்கவில்லை என்று, காதுக்கு வெளியே மாட்டும் பகுதியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டோம். பழையபடி எழுதிக் காட்டினோம். திருநெல்வேலியிலிருந்து ஞாயிறுதோறும் அவள் அண்ணன் தொலைபேசியில் அழைப்பார். நான்தான் பேசுவேன்.

2006-இல் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் எங்களை வரவழைத்து, "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று கேட்டார். அன்று முதல் கருவியை மீண்டும் மாட்டிவிட்டு, தமிழில் நானே வாசித்தேன். மழைக்காலம் முடிவதற்குள் விசாலம் என் முகம் பாராமலே பதில் சொன்னாள்.

அந்த ஞாயிறு அவளே தொலைபேசியை எடுத்தாள்.

"ஏட்டி விசாலம், நாந்தான் பேசுதேன். கேக்குதா?"

"கேக்குதுண்ணே. ஏன் இப்படிக் கத்துத?"

அதற்குப் பின் சில ஞாயிறுகளே வாய்த்தன. தீபாவளிக்கு முன் அவர் காலமானார்.

இப்போது கருவி பொருத்திக்கொண்டவர்களின் வீட்டாரைச் சந்தித்தால், பயிற்சியைத் தாய்மொழியில் தொடங்கச் சொல்கிறேன். காலையில் நாளிதழை விசாலத்துக்கு உரக்க வாசிக்கிறேன். தொலைபேசி மணி அடித்தால் அவளே ஓடிப்போய் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை எடுக்கச் சொல்கிறாள்.