கரையில் விழுந்த அடி

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஆறு வருடமும் லீவு கிடைத்தால் மலை ஏறப் போய்விடுவேன். வேலையை விட்டுவிட்டு பூதலூருக்குத் திரும்பிய பிறகு மலைக்கு எங்கே போவது? கோடையில் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் சேர்ந்து கொள்ளிடத்து மணலில் நடக்கத் தொடங்கினோம். மலை ஏறியவன் என்பதால், யார் எங்கே கால் வைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையை நானே எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு காலையில் புதிதாக ஒருவர் வந்தார். குவைத்தில் டிரைவராக இருந்துவிட்டு வந்து கடைத்தெருவில் செல்போன் கடை வைத்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நடு ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என் பின்னாலயே வாங்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

கொக்கைப் படம் எடுக்க அவர் நாலடி விலகிப் போனார். அங்கே மணல் அள்ளிய பள்ளம். ஆளைக் காணவில்லை.

குதித்தேன். பிடித்த பிடியில் அவர் என் தலைமேல் ஏறி மிதித்தார். கழுத்தை நெரித்தார். மூக்கிலும் வாயிலும் மணல்தண்ணீர். முஷ்டியை மடக்கி அவர் வாயில் குத்தினேன். பிடி தளரவில்லை. மறுபடியும் குத்தினேன். பல் என் விரலைக் கிழித்தது. அவர் கை தளர்ந்ததும் முடியைப் பற்றி இழுத்தேன். எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற லைன்மேன் வேட்டியை அவிழ்த்து வீச, அதைப் பிடித்து இருவரும் கரையேறினோம்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். குப்புறக் கிடந்து இருமியவரைப் புரட்டிப் போட்டு அறைந்தேன்.

"அறிவிருக்கா உனக்கு? படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லியா? நீ செத்தா உன் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அறை. உதடு கிழிந்து ரத்தம் தாடியில் வழிந்தது. அவர் கைக்கு ஒரு கட்டை அகப்பட்டது. என் புருவத்தில் ஓங்கி அடித்தார். ஒரு கண்ணில் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. மறுபடி பாய்ந்தேன். லைன்மேன் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து மணலில் தள்ளினார்.

"தண்ணியில அடிச்ச, சரி தம்பி. கரையில எதுக்கு அடிச்ச?"

பயம் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே ஆஸ்பத்திரியில் எனக்குப் புருவத்தில் நாலு தையல், அவருக்கு உதட்டில் மூன்று. பாறையில் விழுந்துவிட்டோம் என்று டாக்டரிடம் அவர்தான் சொன்னார். கொள்ளிடத்தில் ஏது பாறை? டாக்டர் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். அவர் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை.

"நீங்க அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னே எனக்கு ஞாபகமில்லைங்க. அடிதான் ஞாபகமிருக்கு" என்றார். "அங்க பள்ளம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதச் சொல்லுங்க."

ஆழம் உள்ள இடத்தில் தண்ணீர் சலசலக்காது, நிறம் கறுத்திருக்கும், கம்பை ஊன்றிப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும் என்றேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.