கூவிச் சொன்ன அளவு

திரேசம்மாள் மச்சாதுக்குக் கோபம் வராத நாளும் உண்டு என்று அவளுடைய அண்ணன் சொல்வான். எந்த நாள் என்று கேட்டால் அவனுக்கு நினைவு வராது.

கொழும்பில் வெள்ளைக்காரர் கடை ஒன்றில் பெண்களுக்கு உள்ளாடை அளவெடுக்கும் வேலை பார்த்தவள் அவள். அங்கே கோபப்பட அனுமதி இல்லை. துரைசாணிகள் மூச்சை இழுத்துப் பிடித்து இடுப்பைக் குறைத்துக் காட்டுவார்கள். இவள் நாடாவைக் கையில் பிடித்தபடி, முகத்தில் ஒரு சிரிப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, அவர்கள் மூச்சு விடும்வரை காத்திருப்பாள். எவளும் எப்படியும் ஒரு சமயம் மூச்சு விட்டாக வேண்டும். 1942 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்ததும், ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிய கூட்டத்தோடு அவளும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தாள். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அளவு நாடா, அத்தனை வருஷமும் செலவழிக்காமல் சேர்த்து வைத்த கோபம்.

அண்ணன் வீட்டில் அவளுக்குக் கிடைத்த இடம் அடுக்களை மூலை. மதினி நல்லவள். நல்லவள் என்பதை நாள்தோறும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற நல்லவள். பகலிலாவது வேறு இடம் வேண்டும் என்றுதான் திரேசம்மாள் கிரேட் காட்டன் ரோட்டில் காசிலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் போய் நின்றாள்.

காசிலிங்கம் கூச்சமுள்ள மனிதர். பெண்களுக்கு ரவிக்கைக்குள் போடுகிற பாடீஸ் தைத்து விற்பதில் அவருக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. விற்பதாக யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். கடைக்குப் பின்னால் உமி மூடை கிடந்த இடத்தை ஒழித்து, பழைய தோணிப் பாய் ஒன்றை வாங்கி, இரட்டையாக மடித்துத் திரையாகத் தொங்கவிட்டார். திரைக்கு உள்ளே திரேசம்மாள். திரைக்கு வெளியே, தன் சொந்தத் தையல் மிஷினோடு நல்லக்கண்ணு. அவன் உள்ளே போகக் கூடாது, இவள் வெளியே வரக் கூடாது.

"அப்ப அளவு அவருகிட்ட எப்படிப் போகும் அண்ணாச்சி? சீட்டுல எழுதிக் கொடுத்திரட்டுமா?"

"அவனுக்கு எழுத்து தெரியாதுல்லா."

"அப்ப வாசல்ல வந்து காதோட சொல்லிட்டுப் போறேன்."

"ஆம்பிளை யாவாரம் பாக்குத இடத்துல பொம்பளை வந்து குசுகுசுன்னு பேசவா? நல்லா இருக்கு. இருந்த இடத்துல இருந்து கூவிச் சொல்லு. சட்டைக்கு எல்லாக் கடையிலயும் அப்படித்தான் கூவுதான். காலங்காலமா உள்ள பழக்கம்."

கண்ணை மறைக்கப் பாய்மரத் துணி போட்டவருக்குக் காது என்று ஒரு உறுப்பு இருப்பது தோன்றவில்லை. திரேசம்மாளுக்குத் தோன்றியது. ஆனால் அடுக்களை மூலையும் கூடவே ஞாபகம் வந்ததால் சம்மதித்தாள்.

முதலில் வந்தவர்கள் ஒல்லியான பெண்கள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றரை என்று இவள் கூவினால் வெளியே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொந்தரவு வேறு விதமாக வந்தது. தைத்து வருகிற பாடீஸ் ஒன்றுகூடச் சொன்ன அளவுக்கு இருக்கவில்லை. ஒன்று தொளதொளக்கும், ஒன்று பிடித்து இறுக்கும். இவள் தையலைப் பிரித்துக் கையால் மறுபடி தைத்துக் கொடுத்தாள். நல்லக்கண்ணுவைக் கேட்டால், "ரேஷன்ல வந்த கண்ட்ரோல் துணி தாயி. சுருங்கத்தான் செய்யும்" என்றான். சுருங்குகிற துணி எப்படித் தொளதொளக்கும் என்று கேட்டதற்கு, "யுத்த காலத்துல எதைத்தான் நம்ப முடியுது" என்றான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஞானதீபம் டீச்சர் வந்தாள்.

நாசரேத்துக்காரி. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்திச்சி. கையில் குடையும், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலமும். திரைக்குள் வந்ததும் பொட்டலத்தை நீட்டினாள்.

"இதே அளவுக்கு ரெண்டு தைக்கணும்."

திரேசம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இது யாருக்குத் தச்சது?"

"எனக்குத்தான்."

"எப்ப?"

"டிரெயினிங் ஸ்கூல்ல படிக்கையில ஒண்ணு தச்சுது. அதை அளவு கொடுத்து இன்னொண்ணு. அதை அளவு கொடுத்து இது."

"அப்ப இது உங்களுக்குத் தச்சது இல்ல டீச்சர். டிரெயினிங் ஸ்கூல்ல படிச்சுதே ஒரு பிள்ள, அதுக்குத் தச்சது. அந்தப் பிள்ள போய் எம்புட்டுக் காலம் ஆச்சு. அதோட துணியை நீங்க எதுக்குப் போட்டுக்கிட்டுத் திரியுதீங்க?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் போட்டிருந்த பாடீஸின் பட்டி விலாவில் குத்தும் போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ரவிக்கையைக் கழற்றியபோது இரண்டு தோளிலும் விரல் வைத்தால் புதைகிற மாதிரி பள்ளம். மார்புக்குக் கீழே கன்றிப் போன கறுப்புத் தடம்.

"கையைத் தூக்கினா இது மேல ஏறிரும். அதனால போர்டுல கீழ்ப் பாதியிலதான் எழுதுதேன். பின்னால இருக்க பிள்ளையளுக்குத் தெரியலன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் வையுதாக."

"அவுகளையும் கூட்டிட்டு வாங்க. அவுக எதைப் போட்டுக்கிட்டு வையுதாகன்னு பாப்போம். மூச்சை விடுங்க. இழுக்காதீங்க, விடுங்க."

கீழ்ச்சுற்று முப்பத்தாறு. நாடாவை மேலே ஏற்றி, இறுக்காமல் தொட்டும் தொடாமலும் பிடித்து, இரண்டு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன தாயி, அளவு வரலியே" என்றது திரைக்கு வெளியே நல்லக்கண்ணுவின் குரல்.

கொழும்பிலே பக்கத்தில் ஒரு பெண் பென்சிலோடு நிற்பாள். உதடு அசைந்தால் போதும். இங்கே தொண்டை வேண்டும். திரேசம்மாளுக்கு இருந்ததோ கரையில் நின்றால் கடலில் போகிற தோணிக்குக் கேட்கிற தொண்டை.

"கீழ் முப்பத்தாறு. மேல் நாப்பத்தி நாலு."

அன்று துறைமுகத்தில் கூலி போட்ட நாள். கடை நிறைய வேட்டி எடுக்க வந்த ஆண்கள். மிஷின் சத்தம் நின்றது.

"எத்தன? இன்னொரு மட்டம் சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"ஏலே, அது பஞ்சுப் பொதிக்குச் சுத்துத கயிறுலே."

சிரிப்பு எழுந்தது. காசிலிங்கம் சிரிக்கவில்லை, இருமினார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

டீச்சர் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கடைக்கு ஒரே வாசல். அத்தனை பேருக்கும் நடுவில்தான் அவள் போக வேண்டியிருந்தது. எண் முன்னால் வந்துவிட்டது, முகம் பின்னால் வந்தது, இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள ஊருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு திரைக்குள் ஒருத்தியும் வரவில்லை. ஏற்கெனவே அளவு கொடுத்தவர்கள்கூட ஆளனுப்பித் துணியைத் திருப்பிக் கேட்டார்கள்.

"ஆளு வரலன்னா அந்த இடத்துல மூடையை அடுக்கிருவேன் திரேசம்மா" என்றார் காசிலிங்கம். "பிறகு என்னைக் குத்தம் சொல்லப்படாது."

"ஏன் வரலன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பொம்பளையளுக்கு இதெல்லாம் கூச்சம். நான் அப்பவே நெனச்சேன்."

அடுக்களை மூலை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. மதினி மீன் அலசுகிற சட்டி, அதற்குப் பக்கத்தில் தன் பாய். கூவினால் பெண்கள் வரமாட்டார்கள். கூவாவிட்டால் நல்லக்கண்ணு வெட்டமாட்டான். ஆள் வந்தால்தான் அறை உண்டு. இதை நினைக்க நினைக்க அவளுக்குத் தெருவின் மேல் கோபம் வந்தது, காசிலிங்கத்தின் மேல் வந்தது, நல்லக்கண்ணுவின் காதின் மேல் வந்தது, கடைசியில், எல்லாவற்றிலும் எரிச்சலாக, தன் தொண்டையின் மேலேயே வந்தது.

ஒரு நாள் டீச்சரே திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

"என் துணியைக் கொடுங்க. பழசையே போட்டுக்கிடுதேன்."

"டீச்சர்..."

"இன்னைக்கு நாலாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன். பத்து நாலு நாப்பது வரைக்கும் ஒழுங்கா வந்துது. அதுக்குப் பிறகு ஒருத்தியும் வாயைத் தொறக்கல. மொத்த கிளாஸும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் குலுங்குது." டீச்சரின் குரல் ஏறவே இல்லை. "தெருவுல சொன்னான், பொறுத்துக்கிட்டேன். உப்பு மூடை எண்ணுதவன் நாப்பத்தி மூணுல நிறுத்திட்டு என்னப் பாக்கான், அதையும் பொறுத்துக்கிட்டேன். வாய்ப்பாட்டை நான் என்ன செய்ய? பதினோரு நாலை வேற என்னன்னு சொல்லிக் கொடுக்க?"

திரேசம்மாள் கழுத்தில் கிடந்த நாடாவை உருவிக் கையில் எடுத்தாள். தோணிப் பாயை ஒதுக்கிக்கொண்டு, அந்தக் கடையில் சேர்ந்தபின் முதல் தடவையாக, வியாபார நேரத்தில் வெளியே வந்தாள்.

கடையில் கூட்டம் இருந்தது. காசிலிங்கம் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க."

"என்ன?"

"உங்களுக்கு ஒரு பனியன் தைக்கலாம்னு. கையைத் தூக்குங்க."

"உள்ள போ திரேசம்மா."

"சட்டைக்குக் கூவுதது காலங்காலமா உள்ள பழக்கம்னு நீங்கதான சொன்னீங்க? பழக்கத்துல என்ன கூச்சம்?"

வேட்டி எடுக்க வந்தவர்களில் ஒருவன், "அதானே அண்ணாச்சி, தூக்குங்க கையை" என்றான். அவன்தான் முன்பு பஞ்சுப் பொதி என்று சொன்னவன். அவனுக்கு யார் அளவாக இருந்தாலும் சரி. எழுந்திருக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று நினைத்துக் காசிலிங்கம் எழுந்தார். அது தப்புக் கணக்கு. திரேசம்மாள் நாடாவை அவர் வயிற்றைச் சுற்றி விட்டாள். அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தார்.

அவள் முகத்தில் கொழும்புச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு காத்திருந்தாள். முத்துக் குளிக்கிறவர் வம்சமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருப்பார். காசிலிங்கம் வியாபாரி வம்சம். விட்டுவிட்டார்.

"மெதுவாச் சொல்லு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மெதுவாச் சொன்னா நல்லக்கண்ணுவுக்குக் கேக்காதுல்லா அண்ணாச்சி" என்றவள், தோணிக்குக் கேட்கிற குரலில் கூவினாள். "வயிறு அம்பத்தொண்ணு."

கடையில் எழுந்த சிரிப்பை எதிர்க் கடைக்காரர் எழுந்து நின்று கேட்டார். திரேசம்மாள் சிரிக்கவில்லை. நல்லக்கண்ணு பக்கம் திரும்பினாள்.

"கேட்டுதா? வெட்டும், பாப்போம்."

பயத்தில் நல்லக்கண்ணு, துணி வெட்ட வழக்கமாகச் செய்வதையே செய்தான். மிஷினுக்கு அடியில் கைவிட்டு மூன்று அட்டைகளை எடுத்தான். ஓரம் தேய்ந்து கறுத்த அட்டைகள். அவற்றில் ஒன்றை உருவினான்.

"என்ன அது?"

"அட்டை தாயி. சின்னது, நடு, பெருசு. துணி மேல வச்சு வெட்டுததுக்கு."

"அப்ப நான் கூவின அளவு?"

நல்லக்கண்ணு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அது... சின்னதா பெருசான்னு தெரியணும்லா. நாடாவுல நம்பர் பாக்க எனக்கு வராது தாயி. கொரலை வச்சே புரிஞ்சுக்கிடுவேன்."

முப்பத்துமூன்றரை, முப்பத்தெட்டே கால் என்று அவள் கால் அங்குலம் பிசகாமல் கூவிய எண்களில் ஒன்றுகூடத் துணிக்குப் போய்ச் சேரவில்லை. தெருவுக்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. டீச்சரின் நாற்பத்து நாலை உப்பு மூடை எண்ணுகிறவன் மறக்கவில்லை. பாடீஸ் தைக்கிறவனுக்கு அது தேவைப்படவே இல்லை. திரேசம்மாள் மிஷின் மேல் கிடந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

"அது என் கத்திரி தாயி."

"தெரியும். இனி உள்ளதான் கெடக்கும். வெட்டி, கோடு போட்டு வெளிய தாரேன். கோட்டு மேல மிஷினை ஓட்டும். அட்டையை வச்சு விசிறிக்கிடும்."

"அண்ணாச்சி, பாருங்க" என்றான் நல்லக்கண்ணு.

அண்ணாச்சி யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. "வெட்டுதோ கிழிக்குதோ, உள்ளயே வச்சுக்கிடுங்க" என்றார். "இனி ஒரு நம்பரும் அந்தத் திரையைத் தாண்டி வரப்படாது. இது கௌரவமான கடை."

டீச்சர் திரை ஓரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வாங்க, அளவு எடுக்கணும்."

"இனி எடுக்க என்ன இருக்கு? அதான் ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சது ரெண்டு. எனக்கு ஆறு அளவு வேணும். வாங்க."

அந்த அறை மூடைக்குப் போகவில்லை. கூவுவது நின்றது என்று தெரிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். காசிலிங்கத்தின் வீட்டுக்காரி அருணாசலவடிவே ஒரு நாள் வந்தாள். அளவெடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "எனக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு எதுக்கு? துணிக்குத் தெரிஞ்சாப் போதும்."

"சரி, அவுகளுக்கு எத்தனைன்னு சொன்ன? கடையில கூவினியாமே. என் காதால ஒரு தடவ கேக்கணும்."

திரேசம்மாள் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. துறைமுகத்தில் மூடை எண்ணுகிறவன் இப்போது ஐம்பதில் நிறுத்தி, காசிலிங்கம் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண்ணுகிறவன் மேல்தான் மறுபடி கோபம் வந்தது.

ஞானதீபம் டீச்சர் இரண்டாவது பாடீஸை வாங்க வந்தபோது, தோளை ஒரு தடவை குலுக்கிக் காட்டினாள்.

"போர்டுல மேல் ஓரத்துல இருந்து எழுதுதேன் இப்ப."

"என்ன எழுதினீங்க?"

"நாலாம் வாய்ப்பாடு. பதினோரு நாலை மட்டும் பெருசா எழுதினேன்."

"பிள்ளையள் சிரிச்சாளுவளா?"

"சிரிச்சாளுவ. நூறு தடவ எழுதிட்டு வரச் சொல்லிட்டேன்."

திரேசம்மாள் நாடாவைச் சுருட்டினாள்.

"கம்மி" என்றாள்.