மூடாமல் விட்ட சுவிட்ச்

மலேசியாவின் பினாங்கில் எல்லாரும் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிறார்கள். லிஃப்ட்டில் கேட்கிறார்கள், கார் நிறுத்துமிடத்தில் கேட்கிறார்கள். வந்த புதிதில் நான் என்ன சாப்பிட்டேன், குழம்பில் எப்படி உப்புக் கூடிப்போனது என்றெல்லாம் விளக்குவேன். தலையாட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். அதற்குமேல் இங்கே யாரும் யாரையும் துருவுவதில்லை. நாகப்பட்டினத்துக்காரனான எனக்கு மூன்று வருடமாகியும் இது பழகவில்லை.

அறை ஜார்ஜ் டவுனில். வேலை பாலம் தாண்டி ஜுருவில், ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க் பிரிவில். எங்கள் மேசைகளில் இருப்பவை வெறும் திரைகள்தாம். எல்லாருடைய கணினியும் ஒரே சர்வருக்குள் மெய்நிகராக ஓடுகிறது. அவற்றை இணைக்கும் சுவிட்சும் கையில் பிடிக்க முடியாத மென்பொருள். அவரவருக்கு வருவதை அவரவரிடம் மட்டும் கொடுப்பது அதன் வேலை. 'ப்ராமிஸ்கியூயஸ் மோட்' என்பதைத் திறந்துவிட்டால், எல்லாருடைய இணையப் போக்குவரத்தையும் என்னுடைய கண்காணிப்புக் கணினிக்கும் காட்டிவிடும். போன மாதம் இணைப்பு மந்தமானபோது மேலாளரிடம் கேட்டுத்தான் திறந்தேன். நடுப்பகலில் ஓடிய ஒரு பேக்கப்தான் காரணமென்று ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. அப்போதே மூடியிருக்க வேண்டும். நாளைக்கும் தேவைப்படுமே என்ற சோம்பல், விட்டுவிட்டேன்.

மறுநாள், கூட வேலை செய்யும் பரிமளா அக்காவின் கணினி கண்ணில் பட்டது. யார் என்ன படிக்கிறார்கள் என்பது பூட்டியிருக்கும். எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற பெயர் மட்டும் தெரியும். காலையிலிருந்து திரும்பத் திரும்ப ஒரே பெயர், ஒரு புற்றுநோய் மருத்துவமனையுடையது. எனக்கு அறை பார்த்துக் கொடுத்தவர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' சேர்க்கும் இந்த அக்கா. முதல் காய்ச்சலில் கிளினிக்குக்கு அழைத்துப்போனவரும் அவரே.

ஊரில் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, ரிப்போர்ட் எங்கள் கைக்கு வருமுன்பே தெரு முழுக்க வீட்டுக்குள் நின்றது. ஒருவர் கஞ்சி கொண்டுவந்தார், ஒருவர் நல்ல டாக்டர் பெயர் சொன்னார். எட்டிப்பார்க்காத எதிர்வீட்டுக்காரரிடம் உம்மா இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த ஊரில் வளர்ந்த வாய் சும்மா இருக்குமா? காப்பி எடுக்கும் இடத்தில் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாங்க?"

கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"எந்த டாக்டர்? உனக்கு யாரு சொன்னா?"

என் கண் அவருடைய மேசைப் பக்கம் போய்த் திரும்பியது. அவருக்கே புரிந்துவிட்டது.

"என் கம்ப்யூட்டரப் பாத்தியா தம்பி?"

"வேணும்னு பாக்கலக்கா. மனசு கேக்கல, அதான்..."

"வீட்டுக்காரர்கிட்டயே நான் இன்னும் சொல்லல லா. எனக்கு நானே இன்னும் சொல்லிக்கல. நீ வந்து கேக்குற."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றே சுவிட்சை மூடினேன், பதிவுகளை அழித்தேன், மேலாளரிடம் நானே போய்ச் சொல்லி எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டேன். அட மடையா, இதனால் எல்லாம் என்ன ஆகிவிடும்? அக்கா அதன்பின் என்னிடம் வேலை தவிர ஒரு சொல் பேசவில்லை.

போன வாரம் அவருக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வார்டு எண்ணைப் போட்டிருந்தார்கள். உம்மாவிடம் ஆபரேஷன் விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தேன்; ஞாயிற்றுக்கிழமை போனில் அதட்டினார்: "ஒனக்கு அவ்வளவு செஞ்ச புள்ள. இன்னுமா போய்ப் பாக்கல?" நடந்த கதையை உம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் நம் தமிழ் ஆள். "எந்த வார்டு தம்பி?" என்றார்.

எனக்குத் தெரியும். ஆனால் அக்கா சொல்லித் தெரிந்ததல்ல.

"தெரியாதுண்ணே."

"பேரச் சொல்லு, பாத்துச் சொல்றேன்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"வேணாம்ணே, பாக்காதீங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே போகவும் முடியாமல் திரும்பிப் போகவும் மனசில்லாமல், பார்வையாளர் நேரம் முடியும்வரை வரவேற்பறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.