பயம் போக ஜெபித்தேன், ஆண்டவர் என்னைப் புவனா வீட்டுக்கு அனுப்பினார்

கர்த்தர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க எனக்கு மனமில்லை, அதனால் என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டியில் இருக்கிறோம். அப்பாவுக்கு சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை. அம்மா இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் சமைக்கிறார். ஏழாம் வகுப்பிலிருந்து நான் ஹாக்கி ஆடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, திருவள்ளூர் மைதானத்தில் பெனால்டி கார்னர் பயிற்சி. எதிரில் இருப்பவர் கோலை நோக்கி அடிக்கும்போது, கோல் கோட்டிலிருந்து பந்தை நோக்கி முதலில் ஓடுவது என் வேலை. அப்படி ஓடுகிறவர்கள் முகத்துக்கு மாஸ்க் போட வேண்டும். வியர்க்கிறது என்று அன்று நான் போடவில்லை. அடித்தவள் என் தோழி புவனா. பந்து என் இடது கண்ணுக்குக் கீழே வந்து பட்டது.

கன்ன எலும்பு உடைந்துவிட்டது. சென்னையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கண் விழித்தபோது அம்மாவின் முகம் இரண்டாகத் தெரிந்தது. மாநில அணித் தேர்வுக்கு நான்கே மாதம். படுக்கையில் படுத்து அழுதேன். இனி நான் யார் என்று தெரியவில்லை.

கோச் பார்க்க வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். அதற்கு முந்தின வாரம்தான் யார் கேப்டன் என்பதில் எனக்கும் புவனாவுக்கும் சண்டை. அவள் வேண்டுமென்றே அடித்தாள் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். புவனாவைப் பயிற்சிக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார்.

சபை எனக்காக உபவாசம் இருந்தது. ஆறே வாரத்தில் இரண்டாகத் தெரிந்தது ஒன்றானது. மாஸ்க் போட்டு ஆடலாம் என்று டாக்டர் சொன்னார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். என் சாட்சி அங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மைதானத்துக்குப் போனேன். பந்து வேகமாக வந்தால் என் கழுத்து தானாகத் திரும்பியது. கண் மூடிக்கொண்டது. பத்து நாள் பார்த்துவிட்டு கோச் என்னை வெளியே உட்கார வைத்தார்.

தினமும் விடியற்காலையில் முழங்கால் போட்டேன். பயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று மட்டும்தான் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் புவனாவின் முகம்தான் வந்தது. தள்ளிவிட்டேன், திரும்பவும் வந்தது. ஒரு நாள் ஜெபிக்கவே முடியவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "அந்தப் பொண்ணு ஊட்ல அழுதுகினு இருக்கும். நீ இங்க முட்டி போட்டுகினு இருந்தா இன்னா பிரயோஜனம்?" என்றார்.

அன்றைக்கே முதலில் திருவள்ளூர் மைதானத்தில் கோச்சிடம் போனேன். மாஸ்க் போடாதது என் தப்பு, நான் சொன்னது பொய் என்றேன். புவனாவைத் திரும்பப் பயிற்சிக்கு வரச் சொல் என்றார். அங்கிருந்து ரயிலேறி கடம்பத்தூர் போனேன். புவனா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் கன்னத்துத் தழும்பைத்தான் முதலில் பார்த்தாள்.

"கோச்சாண்ட உன்னப் பத்தி பொய் சொல்லிட்டேன், புவனா. என்னை மன்னிச்சுடு."

"தெரியும். அத்த உடு. கண்ணு நல்லா தெரியுதா?"

அடுத்து அவள் சொன்னதைச் சாட்சியில் சொல்லலாமா என்று யோசித்தேன். நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். என் கண்ணுக்காக அவள் பெரியபாளையத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டு, வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்திருக்கிறாள். நான் அவள்மேல் பழி போட்டிருந்த அதே நாட்களில். அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அங்கேதான் என் நெஞ்சிலிருந்த கல்லை ஆண்டவர் எடுத்தார்.

மறுவாரம் புவனா மைதானத்துக்கு வந்தாள். என் பயத்தைச் சொன்னேன். "நான் அடிச்சதுல வந்த பயம். நானே அடிச்சுத்தான் போவணும்" என்றாள். முதல் வாரம் டென்னிஸ் பந்து. அப்புறம் ஹாக்கி பந்து, மெதுவாக. கடைசியில் முழு வேகம். ஒவ்வொரு அடிக்கு முன்னும் இயேசுவே என்று சொல்லி ஓடினேன். ஒரு மாதத்தில் என் கண் மூடுவது நின்றது.

தேர்வு ஆட்டத்தில் எங்களை எதிரெதிர் அணியில் போட்டார்கள். கடைசி நிமிடங்களில் அவர்களுக்குப் பெனால்டி கார்னர். அடிக்க வந்தவள் புவனா. எனக்காகக் கையை அடக்கிக்கொள்கிறவள் இல்லை அவள். ஓடினேன். பந்து புறப்பட்டதிலிருந்து என் மட்டையில் மோதும்வரை முழுதாகப் பார்த்தேன்.

பட்டியலில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. அந்த வருடம் இருவரும் மாநில அணிக்கு ஆடினோம். இன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு வேலையும் இருக்கிறது. என்னிடம் பொய் இல்லை, பயமும் இல்லை. எல்லா மகிமையும் அவருக்கே.

ஜெபிக்கும்போது யாருடைய முகமாவது குறுக்கே வந்தால் தள்ளிவிடாதீர்கள். எழுந்து அவர்களிடம் போங்கள். நீங்கள் போய்ச் சேருமுன் ஆண்டவர் அங்கே இருப்பார். நான் கண்டேன்.